பழைய ஜீப்பும் தீவகத்துத் தண்ணீரும்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்காவிலே செய்யப்பட்ட ஜீப் வண்டிகளுள் பல, அந்த யுத்தம் முடிந்து எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஓடிக்கொண்டிருக்கின்றன. போர்க்களத்திற் சில மாதங்கள் உழைத்தாற் போதும் என்ற எண்ணத்தோடு செய்யப்பட்ட வண்டி இவ்வளவு காலம் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் எளிமையே. ஒரு திருகுமுறுக்கியும் சில சாவிகளும் கைவசம் உள்ள எவரும் அதைக் கழற்றிப் பூட்டலாம். ஆயினும் அந்த இயந்திரத்துக்கும் ஒரு பகை உண்டு. அது வெப்பம். அந்த வெப்பத்தைத் தணிப்பதற்கென நாம் ஊற்றும் தண்ணீரே வெப்பம் மிகுவதற்குக் காரணமாகிவிடுவது வியப்புக்குரியது. இதனை விளங்கிக்கொள்வதற்கு யாழ்ப்பாணத்துத் தீவகத்தைப் போலப் பொருத்தமான இடம் வேறொன்று கிடைப்பது அரிது.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலின் ஊடாகச் செல்லும் வீதியிற் போகிறவர், இருமருங்கிலும் ஆழமற்ற கடலைக் கண்டுகொண்டு சென்று, மண்டைதீவுச் சந்தியைக் கடந்து, வேலணைத் தீவின் கிழக்கு முனையில் அல்லைப்பிட்டியை அடைகிறார். பனைகளும் மணலும் சுண்ணக்கல்லும் நிறைந்த ஊர் அது. பதினோராம் நூற்றாண்டையும் அதனை அடுத்த காலத்தையும் சேர்ந்த சீனத்துப் பீங்கான் ஓடுகள் அவ்வூர் மண்ணிலிருந்து கிடைத்தன. 1977ஆம் ஆண்டளவில் ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் அங்கு அகழ்ந்து ஆராய்ந்தார். கடல் கடந்து வந்த பொருள்களை அந்த ஊர் மண் நெடுங்காலமாகவே ஏற்றுப் பாதுகாத்து வந்திருக்கிறது. பீங்கானுக்குச் சவரால் ஊறில்லை. இரும்பின் கதியோ வேறு.

ஜீப் இலங்கைக்கு வந்த வரலாறு சுருக்கமானது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும், 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அதன்பின் இத்தீவு பெரும் படைத்தளமாயிற்று. 1944இல் மவுண்ட்பேற்றன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு அருகே பேராதனைக்கு மாற்றினார். நேச நாட்டுப் படைகள் சென்ற இடமெல்லாம் ஜீப்பும் சென்றது. வில்லிஸ் நிறுவனமும் போர்ட் நிறுவனமும் ஒரே மாதிரியில் அமைத்த இவ்வண்டிகளின் மொத்தத் தொகை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டது. யுத்தம் ஓய்ந்ததும் படையினர் வேண்டாமென விட்ட வண்டிகள் பல நாடுகளிற் பொதுமக்கள் கைக்கு வந்தன. 1947இலே பம்பாயில் மகீந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டி விற்கத் தொடங்கியமையால், அவ்வண்டியின் வழிவந்தவை நம் அயலிலும் பெருகின.

பழைய வண்டியைப் பேணுவது யாழ்ப்பாணத்தாருக்குக் கைவந்த கலை. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய ஆங்கிலேய வண்டிகள், அவை பிறந்த நாட்டிலே காட்சிப் பொருளாகிவிட்ட பின்னரும், குடாநாட்டில் வாடகை வண்டிகளாக உழைத்து வந்தன. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்திற் பெற்றோல் கிடைக்காதபோது, காபரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, அதன்பின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். தேவை கற்பித்த வித்தை அது. அதன் விலையையும் இயந்திரங்கள் செலுத்தின. மண்ணெண்ணெய் உருளைக்குள் முறையாக எரியாது தட்டுகிறது. தட்டும்போது உருளைச் சுவர் மிகுந்த சூடேறுகிறது. எரியாமல் எஞ்சிய எண்ணெய் கீழிறங்கி மசகெண்ணெயை நீர்த்துவிடுகிறது. அக்காலத்தைக் கடந்து வந்த பழைய இயந்திரம் எதையும் திறந்து பார்ப்பவர், தேய்வு எங்கெங்கே இருக்கும் என்பதை முன்னரே எதிர்பார்க்கவேண்டும்.

அல்லைப்பிட்டியில் ஒருவரிடம் 1940களின் ஜீப் ஒன்று இருக்கிறது என்றும், வேலணை வரை ஓடுவதற்குள் அது கொதித்து ஆவி கக்குகிறது என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் செய்யவேண்டியது யாது? கண்ணுக்குத் தெரியும் பொருளை மாற்றிப் பார்ப்பதே பலரின் முதல் வேலை. புதிய றேடியேற்றர் ஒன்றை வாங்கிப் பூட்டுகிறார்கள். இரண்டு மாதம் கழித்து அதுவும் கொதிக்கிறது. நோயை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது இது.

முதலில் அந்த ஏற்பாடு வேலை செய்யும் முறையை நோக்கவேண்டும். ஜீப்பின் இயந்திரம் நான்கு உருளைகளை உடையது, 2.2 லீற்றர் கொள்ளளவும் அறுபது குதிரை வலுவும் கொண்டது. எரியும் பெற்றோலின் சக்தியில் ஏறத்தாழ நாலிலொரு பங்கே சில்லுகளைச் சுழற்றப் பயன்படுகிறது. எஞ்சியது வெப்பமாகிறது. அவ்வெப்பத்தின் ஒரு பகுதி புகையோடு போக, மற்றொரு பெரும் பகுதியைத் தண்ணீரே சுமந்து செல்லவேண்டும். உருளைகளைச் சூழ வார்ப்பிரும்பில் அமைந்த நீருறைக்குள், முன்புறத்திலுள்ள பம்பி தண்ணீரைத் தள்ளுகிறது. அங்கே சூடேறிய நீர் மேலெழுந்து, மேற்குழாய் வழியே றேடியேற்றரின் மேற்தொட்டிக்கு வருகிறது. மெல்லிய பித்தளைக் குழல்களின் வழியே கீழிறங்கும்போது விசிறி இழுக்கும் காற்றிலே ஆறி, கீழ்க்குழாய் வழியே மீண்டும் பம்பிக்குச் செல்கிறது. இத்தனைக்கும் வேண்டிய தண்ணீர் பத்தரை லீற்றர் அளவே. நான்கு பேர் ஒரு வேளை குளிப்பதற்குப் போதாத இந்தத் தண்ணீர், இயந்திரம் ஓடும் வரை ஓயாது சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகையால் அதன் தன்மை முக்கியமாகிறது.

தீவகத்துக் கிணற்று நீர் இருவகையிற் குற்றமுடையது. ஒன்று சுண்ணாம்பு, மற்றது உப்பு. மழைநீர் நிலத்திற் சுவறிச் சுண்ணக்கல்லினூடே இறங்கும்போது, கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு செல்கிறது. அந்நீரைச் சூடாக்கினாற் கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகிப் படிகிறது. இதை விளக்குவதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் நெடுநாள் பாவித்த கேத்தலின் உட்புறத்தைப் பார்த்தவர்கள், அங்கே முட்டையோடு போலப் படர்ந்திருக்கும் வெள்ளைப் படிவை அறிவார்கள். அதே படிவு நீருறையின் உள்ளேயும், றேடியேற்றரின் குழல்களிலும் உண்டாகிறது. வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்தும் அளவில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே இந்தப் படிவு கடத்தும். உருளையைச் சுற்றி ஒரு கம்பளிப் போர்வையைப் போர்த்தியது போலாகிறது. றேடியேற்றரில் நீர் நிறைந்து குளிர்ந்திருக்க, உருளை மட்டும் உள்ளே வெந்துகொண்டிருக்கும். புதிய றேடியேற்றரால் இதற்கு ஒரு பயனும் இல்லை.

உப்பின் வழி வேறு. தீவிலே மழையால் வந்த நன்னீர், அடியிலுள்ள கடல்நீரின்மேல் ஒரு தட்டைப் போல மிதந்து நிற்கிறது. துலாவினால் இறைத்த காலத்தில் அத்தட்டுக் குலையவில்லை. இயந்திரப் பம்பியால் விரைந்து இறைக்கும்போது, கீழிருந்து சவர் மேலெழுகிறது. ஆவணி, புரட்டாதி மாதங்களில், மழைக்கு முன்னே, நல்ல கிணறுங்கூட நாவிற் கரிக்கும். அந்த நீர் இயந்திரத்துட் புகுந்தால் இரும்பு துருவேறுவது பன்மடங்காகும். அன்றியும் ஜீப்பின் இயந்திரம் இரும்பு. றேடியேற்றர் செம்பும் பித்தளையும். அவற்றைப் பொருத்தியிருக்கும் பற்றாசு ஈயமும் வெள்ளீயமும். வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றாகத் தோய்ந்திருந்தால், அங்கே மின்கலம் ஒன்றே அமைந்துவிடுகிறது. அதில் ஓர் உலோகம் மற்றொன்றுக்காகக் கரைந்து அழிகிறது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய மேலும் மேலும் ஊற்றுகிறார்கள். ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. உப்பும் சுண்ணாம்பும் உள்ளேயே தங்குகின்றன. ஒழுகும் வண்டிக்கு நாள்தோறும் ஒரு வாளி கிணற்றுநீர் ஊற்றுபவர், ஆண்டு முடிவில் உப்பளத்தையும் சுண்ணாம்புச் சூளையையும் இயந்திரத்துள் அமைத்தவராவார்.

இனித் திருத்த வேலைக்கு வரலாம். கொதித்த வண்டியின் மூடியை உடனே திறத்தல் ஆகாது. உள்ளே அமுக்கத்தில் அடங்கியிருக்கும் நீர், மூடி விலகியதும் சீறியெழுந்து முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். சூடான இயந்திரத்துள் குளிர்ந்த நீரை ஊற்றுவது அதனினும் பெருந்தவறு. கைகள் வெந்தால் ஆறும். வால்வு இருக்கைக்கும் உருளைக்கும் இடையிலே வெடித்த வார்ப்பிரும்பு ஆறுவதில்லை. குழாய், வார், பம்பி ஆகிய உதிரிப்பாகங்களை இன்றும் சில நிறுவனங்கள் செய்து விற்கின்றன. இயந்திரத்தின் உடல் அவ்வளவு எளிதிற் கிடைப்பதன்று. ஒன்று வெடித்தால், மற்றொன்றைத் தேடியெடுக்கவேண்டும். ஆகவே இயந்திரத்தை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுத் தொடங்குவதே முறை.

எப்போது கொதிக்கிறது என்பதைக் கொண்டு நோயை ஓரளவு அறியலாம். நிற்கும்போதும் மெதுவாக ஊரும்போதும் கொதித்து, வேகமாக ஓடும்போது தணிந்தாற் குற்றம் பெரும்பாலும் காற்றோட்டத்தில் உள்ளது. விசிறி வார் தளர்ந்திருக்கலாம். விசிறியைச் சூழ இருக்கவேண்டிய தகட்டு உறையை யாரோ கழற்றி எறிந்திருக்கலாம். றேடியேற்றரின் இடுக்குகளிற் புழுதியும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். வேகமாக ஓடும்போது கொதித்தால் நீரோட்டத்தில் தடை உண்டு. குளிர்ந்த இயந்திரத்தை எழுப்பியவுடனே மேற்தொட்டியிற் குமிழிகள் இடையறாது எழுந்தால், தலைமூடியின் அடியிலுள்ள காஸ்கெற் கெட்டு, எரிந்த வாயு நீரிற் கலக்கிறது என்று கொள்ளலாம். நெருப்பூட்டும் நேரம் பிந்தியிருந்தாலும் இயந்திரம் சூடேறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லாதிருக்க, றேடியேற்றரைப் பலமுறை கழற்றிப் பூட்டி அலுத்தவர்கள் உண்டு.

நீரை வடித்துவிடுவதற்கு இரண்டு வாய்கள் உள்ளன. ஒன்று றேடியேற்றரின் அடியில். மற்றது இயந்திர உடலின் பக்கத்தில். முதலாவதைத் திறந்து நீர் ஓடியதும் வேலை முடிந்தது என எண்ணுவோர் பலர். இரண்டாவதைத் திறந்தாலோ பெரும்பாலும் ஒரு துளியும் வராது. உள்ளே நீர் இல்லை என்பது அதன் பொருளன்று. துருவும் சுண்ணாம்பும் சேர்ந்த சேறு வாயை அடைத்திருக்கிறது. ஒரு கம்பியால் மெல்லக் கிளறினாற் செங்காவி நிறத்தில் அச்சேறு இறங்கும். பம்பிக்கு மிகத் தொலைவான பின் உருளையைச் சுற்றியே சேறு அதிகம் தங்குகிறது.

அதன்பின் கழுவுதல். சலவைச் சோடாவைக் கரைத்து ஊற்றி, இயந்திரத்தைச் சூடேறும் வரை ஓடவிட்டு வடித்தால், எண்ணெய்ப் பசையும் தளர்ந்த சேறும் போகும். சுண்ணாம்புக் கல் அதற்கு அசையாது. அதற்குப் புளிப்பு வேண்டும். நீர்த்த வினாகிரியை விட்டுப் பொறுத்திருந்து, நுரைப்பு அடங்கியதும் வடித்து, சோடா நீரால் மறுபடி கழுவி, நல்ல நீரால் அலம்புவது பழுதில்லாத முறை. கடையில் விற்கும் உப்பமிலத்தை ஊற்றினால் வேலை விரைந்து முடியும். கூடவே பற்றாசும் முடிந்துவிடும். பற்றரி அமிலத்தை ஊற்றுவதோ முழு அறியாமை. அது சுண்ணாம்போடு சேர்ந்து, கரையாத வேறொரு கல்லை உண்டாக்கி அங்கேயே படியவைக்கும். கழுவும்போது நீரை வழக்கமான திசைக்கு எதிராக, கீழிருந்து மேலாகச் செலுத்தவேண்டும். வந்த வழியே தள்ளினாற்றான் குழல்களின் வாயில் இறுகிய துண்டுகள் வெளியேறும்.

றேடியேற்றரைக் கழற்றி, கீழ்வாயை அடைத்து, நீர் நிரப்பி, அடைப்பைத் திடீரென எடுத்தால் நீர் ஒரே பாய்ச்சலாக விழவேண்டும். இழுத்து இழுத்து வடிந்தாற் குழல்கள் அடைத்துள்ளன என்பது உறுதி. அப்போது மேற்தொட்டியின் பற்றாசை உருக்கித் தொட்டியைக் கழற்றி, மெல்லிய தட்டைக் கம்பியை ஒவ்வொரு குழலினுள்ளும் செலுத்திச் சுரண்டவேண்டும். பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டிய வேலை இது. குழலின் தகடு தாளைப் போல மெல்லியது. அவசரப்பட்டவன் கையில் அது கிழியும். பித்தளையும் செம்பும் ஆகையால், எத்தனை முறை பிரித்தாலும் மீண்டும் பற்றாசு வைத்துப் பொருத்தலாம். புதிய வண்டிகளில் வரும் அலுமினியமும் பிளாஸ்திக்கும் கலந்த றேடியேற்றர்களுக்கு இந்தப் பேறு இல்லை. ஒழுக்கை நிறுத்துவதற்காக மஞ்சள் தூளைக் கரைத்து விடும் வழக்கம் சாரதிகளிடையே உண்டு. நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்ப்பதற்கு அது உதவலாம். அதனையே மருந்தாகக் கொண்டால், ஓட்டையோடு குழலும் அடைபடும்.

பம்பியின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. அதனூடே நீர் சொட்டினால் உள்ளேயுள்ள அடைப்பான் தேய்ந்துவிட்டது என அறிந்து மாற்றவேண்டும். அத்துளையைச் சவர்க்காரம் வைத்து அடைப்பவர்கள், நீரைப் பம்பியின் தாங்கிக்குள் திருப்பிவிட்டு, ஒரு குற்றத்தை இரண்டாக்குகிறார்கள். றப்பர்க் குழாய்களில் கீழ்க்குழாயே கவனிக்கத்தக்கது. பம்பி உறிஞ்சும்போது, உள்ளே இற்றுப்போன குழாய் வேகத்தில் ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தியதும் பழையபடி விரிந்து ஒன்றும் அறியாததுபோல் நிற்கும். அமெரிக்க டாட்ஜ் இராணுவ வண்டிகளின் ஆறு உருளை இயந்திரத்தில் இதைப்போல மறைவான மற்றொரு குற்றம் உண்டு. நீரைப் பின் உருளைகள் வரை பங்கிட்டுக் கொடுப்பதற்காக உடலின் உள்ளே ஒரு நீண்ட தகட்டுக் குழல் செருகப்பட்டுள்ளது. அது துருவேறி உதிர்ந்தால், வெளியே எல்லாம் செம்மையாகத் தோன்ற, பின்புற வால்வுகள் எரிந்துபோகும். ஜீப்பைத் திருத்திப் பழகியவர் டாட்ஜில் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

தேர்மோஸ்ரற் என்னும் வெப்பச் சீராக்கியைப் பற்றி நெடுநாள் வாதம் ஒன்று உண்டு. இயந்திரம் போதிய சூடு பெறும் வரை நீரை றேடியேற்றருக்கு விடாமல் தடுத்து நிற்பது அதன் கடமை. ஜீப்பில் அது ஏறக்குறைய 150 பாகை பாரன்ஹைட்டில் திறக்கத் தொடங்கும். வெப்ப நாட்டில் இது வேண்டாத உறுப்பு என்று சொல்லிக் கழற்றி எறிவது நம் பகுதிகளில் வழக்கமாயிற்று. இவ்வழக்கம் தவறானது. என்றும் குளிர்ந்தே ஓடும் இயந்திரத்தில் எரிபொருள் செவ்வையாக ஆவியாகாது, உருளைச் சுவரிலிருந்து மசகெண்ணெய் கழுவப்படும், தேய்வு மிகும். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய உழவு இயந்திரங்களில், சூடு குறையாதிருக்க றேடியேற்றரின் முன்னே திரை அமைத்திருந்தார்கள் என்பது நினைக்கத்தக்கது. தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் விட்டு, சீராக்கியையும் கழற்றிய இயந்திரங்கள் இருபுறமும் அடி வாங்கின. சீராக்கி கெட்டதா என்று அறிவது எளிது. ஒரு பாத்திரத்து நீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு அடுப்பிற் சூடாக்கினால் அது திறப்பதைக் கண்ணாற் காணலாம். திறவாவிட்டால் மாற்றவேண்டும். கழற்றிவிட்டு வெறுமனே விடலாகாது.

மூடி சிறு பொருள்; ஆயினும் அதில் நேரும் பிழை பெரிது. ஜீப்பின் மூடி சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 4 இறாத்தல் அமுக்கத்தைத் தாங்கி நிற்பது. அவ்வமுக்கத்தில் நீரின் கொதிநிலை பன்னிரண்டு பாகை அளவு உயரும். இக்கால வண்டிகளின் மூடி 13 இறாத்தலுக்கு மேலும் தாங்கும். வாய் பொருந்துகிறதே என்று அதை எடுத்துப் பழைய றேடியேற்றரில் வைத்தால், முதலிற் பிரிவது மேற்தொட்டியின் பற்றாசு.

எல்லாவற்றையும் பூட்டிய பின், எந்த நீரை ஊற்றுவது என்ற வினா எஞ்சுகிறது. இதற்கு விடை தீவகத்தாரின் கூரையிலே இருக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையைப் பீலி வைத்துப் பிடித்தால், சுண்ணாம்பும் உப்பும் அற்ற நீர் கிடைக்கும். முதல் மழை கூரைப் புழுதியையும் காற்றிற் படிந்த கடலுப்பையும் கழுவிப் போகட்டும். அதன்பின் வருவதை மூடிய கலன்களிற் சேர்க்கவேண்டும். நான்கு போத்தல் குடிநீரை விலைக்கு வாங்குவதை விட இது மேலானது, ஏனெனிற் கடையிற் போத்தலில் வரும் நீர் எல்லாம் உப்பு நீக்கிய நீர் அன்று. மழைநீர் மட்டும் போதும் என்பதும் சரியன்று. அது சுண்ணாம்பைப் படியவிடாது, ஆனாற் துருவைத் தடுக்காது. முற்காலத்தில் நீரிற் கரையும் எண்ணெயைச் சிறிதளவு கலந்தார்கள். இன்று கிடைக்கும் துருத்தடைத் திரவங்களுள், செம்பு, பித்தளை, பற்றாசு ஆகியவற்றுக்கு ஏற்றது எனக் குறிக்கப்பட்டதைத் தேர்ந்து, சொல்லிய அளவிற் கலக்கவேண்டும். அவசரத்துக்குக் கிணற்றுநீரை ஊற்ற நேர்ந்தால், வீடு சேர்ந்ததும் அதை வடித்துவிட வேண்டும். கடல்நீரோ எந்த அவசரத்துக்கும் ஆகாது. பண்ணைக் கடல் கையெட்டும் தூரத்தில் இருப்பதனால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

திருத்திய வண்டியை அல்லைப்பிட்டியிலிருந்து பண்ணை வீதியிற் செலுத்திப் பார்ப்பது நல்ல பரீட்சை. ஏற்றம் இல்லாத வீதியாயினும் கடற்காற்று எதிராக வீசும் நாட்களில் இயந்திரத்துக்கு வேலை உண்டு. வெப்பமானியின் முள் ஓரிடத்தில் நின்று அசையாதிருக்கவேண்டும். திரும்பி வந்து, முழுதும் ஆறிய பின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்க்கவேண்டும். உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறியதனால் மட்டம் சற்று இறங்கியிருக்கும். அந்த இடத்தை மழைநீரால் நிரப்பி, குழாய்க் கவ்விகளை மீண்டும் ஒருமுறை முறுக்கி, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பார்க்கவேண்டும். மூன்றாம் நாளிலும் மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுக்கு எஞ்சியிருக்கிறது.